ருஷியத் தூதர் அனத்தோலி தோப்ரினின்

திருக்குறட் பொருட்பாலிலே தூது என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லுங்கால், ஆண்டுதோறும் மாணவர் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அனுமன் செய்தது தூதாகுமா, கண்ணன் சென்றது தூதாகுமா, அங்கதன் பேசியது தூதர்க்கு அடுத்த பேச்சா என்பன அவை. சென்ற ஆண்டு ஒரு பிள்ளை எழுந்து வேறொன்று வினவினான். "ஐயா, அரசனே தூதனிடத்தில் உண்மையை மறைத்து அனுப்பிவிட்டால், அத்தூதன் மாற்றார் அவையிற் சென்று சொல்லும் பொய் யாருடைய பொய்?" என்றான். யான் உடனே விடை கூறினேனல்லேன். உரையாசிரியராகிய பரிமேலழகர், தூதர் தாமே வகுத்துக் கூறுவாரும் கூறியதனைக் கூறுவாருமென இருவகையர் என்றார். பொய்யை மெய்யென்று நம்பிக் கூறியவன் இவ்விருவகையுள் எதன்பாற் படுவான்?

மாலையில் வீடு திரும்பும்போது, இவ்வினாவைத் தம் வாழ்க்கையிலேயே எதிர்ப்பட்ட ஒருவர் நினைவிற்கு வந்தார். அவர்தாம் சோவியத் ருஷியாவின் தூதராய் 1962-ஆம் ஆண்டு முதல் 1986-ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனிலே இருந்த அனத்தோலி தோப்ரினின் என்பவர். பகை நாட்டின் தலைநகரில் இருபத்துநான்கு ஆண்டு ஒரே பதவியில் அமர்ந்திருப்பதென்பது எளிய செயலன்று. அவர் வரலாற்றில் யான் படித்தறிந்தவற்றை நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

தோப்ரினின் 1919-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், மாஸ்கோ நகர்க்கு மேற்கேயுள்ள மொஜாயிஸ்க் பகுதியில் கிராஸ்னயா கோர்க்கா என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கருவி பிடித்துக் கைவேலை செய்து பிழைத்த தொழிலாளி. குலத்தில் எவரும் அரசவைக்குச் சென்றாரல்லர். மகன் மாஸ்கோவிலுள்ள விமானக் கலாசாலையிற் பயின்று பொறியியல் வல்லுநரானார். இரண்டாம் உலகப் பெரும்போரின்போது யாக்கவ்லெவ் என்பாரது விமான அமைப்பு நிலையத்திற் பணி செய்தார். விமானங்கள் செய்தே வாழ்நாள் கழியுமென அவர் எண்ணியிருந்த வேளையில், 1944-ஆம் ஆண்டு கட்சியின் மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. போர் முடிந்தபின் வெளிநாட்டு வேலைக்கு ஆட்கள் வேண்டும், ஆகவே தூதர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்க என்று கட்டளையாயிற்று. அந்நாளைய ருஷியாவில் இத்தகைய அழைப்பிற்கு மறுப்புரை சொல்லும் வழக்கம் இல்லை. இருபத்தைந்தாம் வயதில், கற்ற கல்வியை ஒருபுறம் வைத்துவிட்டு வேறொரு கல்வியைத் தொடங்கினார்.

1946-இல் வெளிநாட்டு மந்திரி காரியாலயத்திற் சேர்ந்தார். 1952-இல் வாஷிங்டன் தூதரகத்திற்கு அனுப்பப்பட்டு மூன்றாண்டளவு அங்கிருந்தார். பின்னர் மாஸ்கோவில் மந்திரிக்கு உதவியாளராயும், நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் துணைப் பொதுச்செயலாளராயும் பணியாற்றினார். 1960-இல் மாஸ்கோவுக்கு மீண்டு, அமெரிக்க விவகாரங்களைக் கவனிக்கும் பகுதிக்குத் தலைவரானார். 1962-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாஷிங்டன் தூதராக நியமனம் பெற்றபோது அவர்க்கு அகவை நாற்பத்திரண்டே. ஆங்கிலத்தை மொழிபெயர்ப்பாளர் துணையின்றித் தாமே பேசினார், நகைச்சுவை அறிந்தவர், கேட்டதற்குமேற் பேசாதவர்.

அக்காலத்து நிலைமையைச் சிறிது கூறல் வேண்டும். அமெரிக்காவும் ருஷியாவும் ஹிட்லரை எதிர்த்துத் தோளொடு தோள் நின்று பொருதவை. போர் முடிந்ததும் பகைவராயின. இரு நாட்டாரிடத்தும் ஊரை ஒரு நொடியிற் சாம்பராக்கும் அணுக்குண்டுகள் குவிந்திருந்தன. போர் மூண்டால் வெல்வாரும் தோற்பாரும் இன்றி இரு திறத்தாரும் அழிவர் என்பது இரு திறத்தார்க்கும் தெரியும். எனினும் ஒருவர் மற்றவரை நம்பவில்லை. இவ்விருவர்க்குமிடையே சொல்லைச் சுமந்து செல்லும் வேலையே தோப்ரினினுக்கு வாய்த்தது.

அவர் வாஷிங்டன் சேர்ந்து ஏழு மாதம் ஆவதற்குள் பெரிய சோதனை வந்தது. அமெரிக்காவின் தென்கோடியாகிய பிளாரிடாவுக்குத் தொண்ணூறு மைல் தொலைவிலே கியூபா என்னும் தீவு உள்ளது. ஆங்கே ருஷியத் தலைவர் குருஷேவ், அமெரிக்க நகரங்களை எட்டவல்ல அணுவாயுத ஏவுகணைகளை இரகசியமாகக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தார். கியூபாவுக்கு ஆயுதங்கள் செல்கின்றன என்னும் பேச்சு எழவே, 1962 செப்டம்பர் 4-ஆம் நாள், ஜனாதிபதி கென்னடியின் தம்பியும் நீதி மந்திரியுமாகிய ராபர்ட் கென்னடி தோப்ரினினைக் கண்டு கேட்டார். அமெரிக்காவைத் தாக்கும் ஏவுகணைகள் கியூபாவில் வைக்கப்படமாட்டா என்று தூதர் உறுதி கூறினார். மாஸ்கோ அவர்க்கு அறிவித்திருந்தது அவ்வளவே. கப்பல்கள் கடல்மீது சென்றுகொண்டிருந்த செய்தியைத் தன் தூதர்க்கே மாஸ்கோ மறைத்துவிட்டது.

அக்டோபர் 14-ஆம் நாள் அமெரிக்க உளவு விமானம் ஒன்று கியூபாவின் மீது பறந்து, ஏவுகணைத் தளங்களைப் படம் பிடித்தது. நான்கு நாள் கழித்து ருஷிய வெளிநாட்டு மந்திரி குரோமிக்கோ வெள்ளை மாளிகைக்கு வந்து கென்னடியைக் கண்டார். தூதரும் உடனிருந்தார். கென்னடி படங்களைப் பார்த்திருந்தார், ஆனால் காட்டவில்லை. குரோமிக்கோவுக்கு எல்லாந் தெரியும், ஆனால் தற்காப்புக்குரிய ஆயுதங்களே என்றார். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாரென இருவரும் எண்ணிப் பேசிக்கொண்டிருக்க, அவர்களருகே தூதர் ஒன்றும் அறியாதவராய் அமர்ந்திருந்தார். அன்றெடுத்த புகைப்படம் இன்றும் உள்ளது. அதனைக் காணுந்தோறும் எனக்கு அவர்பால் இரக்கமே உண்டாகின்றது.

அக்டோபர் 22-ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு, அமெரிக்க இராஜாங்க மந்திரியாகிய டீன் ரஸ்க் தூதரை அழைத்து ஒரு கடிதத்தைக் கொடுத்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜனாதிபதி நாட்டு மக்கட்கு வெளியிடப் போகும் உரை அதில் இருந்தது. ஏவுகணைகளைக் கண்டுபிடித்துவிட்டோம், கியூபாவைச் சூழக் கடலிற் காவலிட்டு ஆயுதக் கப்பல்களைத் தடுப்போம் என்பது அதன் சாரம். அதனைப் படித்த தூதர் தம் கண்முன்னே பத்தாண்டு மூத்துவிட்டாற்போலத் தோன்றினார் என ரஸ்க் பிற்காலத்திற் குறித்துள்ளார். தம் அரசு செய்ததைத் தம் எதிரியின் வாயால் அறிந்துகொள்ளும் தூதனுடைய நிலை எத்தகையது!

மறுநாள் இரவு ராபர்ட் கென்னடி ருஷியத் தூதரகத்திற்கே வந்தார். செப்டம்பரில் நீர் சொன்னது என்ன, இப்போது நடந்திருப்பது என்ன என்று கடுமையாய்க் கேட்டார். தோப்ரினின் தம் அரசைப் பழிக்கவுமில்லை. எனக்குத் தெரியாது என்று புலம்பவுமில்லை. தாம் அறிவிக்கப்பெற்றதையே சொன்னதாகக் கூறி நிறுத்தினார். மாஸ்கோ தம்மை அறியாமலே தம்மை வஞ்சனைக்குக் கருவியாக்கிற்று என்று அவர் வெளிப்படையாய் எழுதியது முப்பத்துமூன்று ஆண்டுகட்குப் பின்னரே.

இங்கே ஒரு சிறு செய்தி. அந்நாளில் தூதரகத்திலிருந்து மாஸ்கோவுக்கு நேரே பேசக் கருவி கிடையாது. எழுதிய செய்தியைக் குறியெண்களாக மாற்றி, வெஸ்டர்ன் யூனியன் என்னும் தந்திக் கம்பெனிக்குச் சொல்லியனுப்புவர். ஒரு நீக்ரோ இளைஞன் சைக்கிளில் வந்து அக்கடிதத்தை வாங்கிச் செல்வான். உலகத்தின் உயிர் ஊசலாடிய அந்நாட்களில், இப்பையன் வழியில் எந்தப் பெண்ணோடேனும் நின்று பேசிக்கொண்டிராமல் நேரே தந்தி நிலையஞ் சென்று சேரவேண்டுமே என்று தாம் வேண்டிக்கொண்டதாகத் தூதர் எழுதியுள்ளார். அவ்வளவு பெரிய வல்லரசுகளின் விதி ஒரு மிதிவண்டியின் மீது சென்றதென்றால் வியப்பன்றோ!

அக்டோபர் 27, சனிக்கிழமை. அன்று கியூபாவின் மீது பறந்த அமெரிக்க விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானியாகிய மேஜர் ஆண்டர்சன் உயிரிழந்தார். பதிலுக்குத் தாக்கவேண்டுமெனச் சேனைத் தலைவர்கள் ஜனாதிபதியை நெருக்கினர். அன்றிரவு ஏறக்குறைய எட்டு மணிக்கு ராபர்ட் கென்னடி தூதரைத் தம் காரியாலயத்திற்கு அழைத்தார். உடன் வேறெவரும் இலர். ஏவுகணைகளை அகற்றுவதாக நாளைக்குள் உறுதி வேண்டும், அகற்றினால் கியூபாவின் மீது படையெடுக்கமாட்டோம் என்றார். துருக்கியில் நீங்கள் வைத்திருக்கும் ஏவுகணைகள் என்னாகும் என்று தூதர் கேட்டார். அமெரிக்கா துருக்கியில் ஜூபிடர் என்னும் பெயருடைய பதினைந்து ஏவுகணைகளை ருஷியாவை நோக்கி நிறுத்தியிருந்தது. அவற்றையும் நான்கைந்து மாதத்திற்குள் எடுத்துவிடுவோம், ஆயின் இதனை வெளியே சொல்லலாகாது, சொன்னால் உடன்பாடே இல்லை என்பது விடை.

தூதரகத்திற்குத் திரும்பிய தோப்ரினின் அன்றிரவு எழுதிய தந்தி இப்போது அச்சில் வந்துள்ளது. ராபர்ட் கென்னடி சொன்னது இன்னது, அவர் முகத்திற் கண்ட கவலை இத்தகையது, காலம் எவ்வளவு குறுகியது என்பவற்றை மட்டும் அது கூறுகின்றது. தம்மை ஏமாற்றிய மேலோர்மீது ஒரு குறிப்பும் அதில் இல்லை. சினங்கொண்ட ஒருவர் அச்செய்தியிற் சிறிது சூடேற்றியிருந்தாலும், அஞ்சிய ஒருவர் சிறிது குளிர்த்தியிருந்தாலும், மாஸ்கோ பிழைபட உணர்ந்திருக்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஏவுகணைகளை அகற்றுவதாகக் குருஷேவ் வானொலியில் அறிவித்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகள் 1963 ஏப்ரலில் அகற்றப்பட்டன.

வகுத்துக் கூறுவானே கூறியது கூறுவானினும் உயர்ந்தோன் என்று நூலோர் மதிப்பர். யானும் அவ்வாறே பன்னாள் பாடஞ் சொல்லி வந்தேன். இவ்வோர் இரவின் கதையைப் படித்தபின், கேட்டதைக் கேட்டவாறே கொண்டு சேர்த்தலும் எளிதில் எய்தற்கரிய ஆற்றலே எனத் தோன்றுகின்றது.

அந்த இரகசியம் ஏறக்குறைய இருபதாண்டு காக்கப்பட்டது. குருஷேவ் இதனை எழுத்தில் உறுதிசெய்துகொள்ள விரும்பி அனுப்பிய கடிதத்தைத் தோப்ரினின் அக்டோபர் 29-ஆம் நாள் கொடுத்தார். ராபர்ட் கென்னடி மறுநாள் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இத்தகைய எழுத்து பின்னொரு நாள் வெளிப்பட்டால் தம் அரசியல் வாழ்வு கெடும் என்பது அவர் கூறிய காரணம். விளைவு யாது? கென்னடி அஞ்சாது நின்றார், குருஷேவ் அஞ்சிப் பின்வாங்கினார் என்றே உலகம் நம்பிற்று. இரு பக்கமும் விட்டுக்கொடுத்ததனாற் கிடைத்த அமைதி, ஒரு பக்கத்தின் பிடிவாதத்தாற் கிடைத்ததாகக் கதை பரவிற்று. 1964 அக்டோபரில் குருஷேவைப் பதவியினின்று நீக்கியவர்கள் சாட்டிய குற்றங்களுட் கியூபாச் செயலும் ஒன்று. உண்மையறிந்த தூதரோ வாய் திறந்தாரல்லர்.

இவ்வளவும் யான் சொல்லக் கேட்ட அப்பிள்ளை, "பொய்யுரைக்க வைத்த அரசை விட்டு அவர் ஏன் விலகவில்லை?" என்றான். நல்ல வினாவே. விலகியிருந்தால் அவர் பெயர்க்கு மாசு நீங்கியிருக்கலாம். ஆயினும் அந்தச் சனிக்கிழமை இரவு ராபர்ட் கென்னடி எதிரே அமர யார் இருந்திருப்பர்? அமெரிக்கரும் அவரை வெறுத்தொதுக்கவில்லை என்பதே இதில் வியப்பு. ஏமாந்தவர் அவரும்தாம் என்பதை உணர்ந்துகொண்டனர் போலும். இரண்டு அரசுகளும் ஒரு பாடங் கற்றன. 1963 ஜூன் 20-ஆம் நாள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நேரே செய்தி செல்லும் கம்பித் தொடர்பு அமைந்தது. சைக்கிள் பையனுக்கு அவ்வேலை குறைந்தது.

அவரைப் புகழ்வதற்கே எழுதுகின்றேன் என்று எவரும் கருதற்க. 1968 ஆகஸ்டு 20-ஆம் நாள் இரவு அவர் ஜனாதிபதி ஜான்சனிடஞ் சென்று, ருஷியப் படைகள் செக்கோசுலோவாக்கியாவிற் புகுவதனை அறிவிக்கவேண்டியதாயிற்று. ஜான்சனோ மறுநாட் காலையில் தமது ருஷியப் பயணத்தை உலகிற்கு அறிவிக்க இருந்தவர். செய்தியின் கொடுமை அவர்க்கு உடனே விளங்கவில்லை. தூதர்க்குப் பானம் வருவித்துக் கொடுத்துப் பயணத்தைப் பற்றியே மகிழ்ந்து பேசினார். அருகிருந்த ஆலோசகர் ரோஸ்டோ மட்டும் தலை குனிந்திருந்தார். அன்று நசுக்கப்பட்டது ஒரு சிறு நாட்டின் உரிமை. தோப்ரினின் அதனை நியாயமென்றே எடுத்துரைத்தார். பின்னாளில் ஆப்கானிஸ்தானத்திற்கும் அவ்வாறே. தம் அரசினை எதிர்த்து வெளிப்பட ஒரு சொல்லும் அவ்விருபத்துநான்கு ஆண்டிலும் அவர் சொல்லவில்லை. வாயில் காப்போனுக்கு வீட்டினுள் நிகழும் கொடுமையிற் பங்கில்லை என்று சொல்லிவிட முடியுமா? என்னால் முடியவில்லை.

1969-இல் நிக்ஸன் ஜனாதிபதியானார். அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் தோப்ரினினும் தனியே பேசும் வழி ஒன்று ஏற்பட்டது. இராஜாங்க மந்திரிக்குந் தெரியாமல் தூதர் வெள்ளை மாளிகைக்குப் பக்கவாயில் வழியே சென்று வருவார். அணுவாயுதக் குறைப்புக்காக இரு நாட்டுப் பிரதிநிதிகளும் வெளிப்படையாகக் கூடிப் பேசிக்கொண்டிருக்க, முடிவுகளுட் சில இவ்விருவர் பேச்சிலேயே உருவாயின. மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த அமெரிக்கப் பிரதிநிதிகட்கு அது பின்னரே தெரிந்து மனக்கசப்பை விளைத்தது. 1972 மே 26-ஆம் நாள் மாஸ்கோவில் நிக்ஸனும் பிரெஷ்னேவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கைகட்கு இவ்வழியே துணையாயிற்று. நன்மை விளைந்ததாயினும், உரிய மந்திரியை ஒதுக்கிவிட்டுச் செய்யும் காரியம் நெடுநாள் நிலைபெறாது. அவ்வுறவும் பத்தாண்டிற்குள் தேய்ந்தது.

தூதர்க்கு வழங்கிய மரியாதைகளுள் ஒன்று வேடிக்கையானது. மற்ற நாட்டுத் தூதரெல்லாம் இராஜாங்க மந்திரி காரியாலயத்தின் முன்வாயிலில் இறங்கிச் செல்ல, தோப்ரினினுடைய மோட்டார் மட்டும் நிலவறைக்குள் நுழைந்து, அங்கிருந்து தனி மின்தூக்கியில் அவர் மந்திரியின் அறைக்கே ஏறிச் செல்வார். 1981 ஜனவரியில் ரீகன் ஆட்சி தொடங்கியதும், புதிய மந்திரி ஹெய்க் அவ்வுரிமையை நிறுத்தினார். நிலவறை வாயிலில் வண்டி திருப்பியனுப்பப்பட்டது. தூதர் முன்வாயிலிற் சென்று இறங்கினார். காலம் மாறிற்று என்பதைக் காட்ட அவ்வொன்றே போதியதாயிருந்தது.

எனினும் அதே ரீகன், 1983 பிப்ரவரி 15-ஆம் நாள், மந்திரி ஷுல்ட்ஸ் மூலமாகத் தோப்ரினினைத் தம்மிடம் வருவித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உரையாடினார். மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் 1978 முதல் அடைக்கலம் புகுந்திருந்த பெந்தெகொஸ்தே சமயத்தார் சிலரை வெளிநாடு செல்ல விடுங்கள், யான் அதைப் பற்றிப் பெருமை பேசிக்கொள்ளமாட்டேன் என்பது ரீகன் கேட்ட உதவி. அவர்கள் அவ்வாண்டிலேயே ருஷியாவை விட்டு வெளியேறினர். ரீகனும் சொன்னபடியே பேசாதிருந்தார். பெரிய உடன்படிக்கைகளைவிட இச்சிறிய வாக்குறுதி காக்கப்பட்டதே இருவரிடையேயும் நம்பிக்கையை வளர்த்தது என்பர்.

கென்னடி, ஜான்சன், நிக்ஸன், போர்டு, கார்ட்டர், ரீகன் என ஜனாதிபதியர் அறுவரைக் கண்ட தோப்ரினினை 1986-இல் கோர்பசேவ் மாஸ்கோவுக்கு அழைத்துக் கட்சியின் காரியதரிசிகளுள் ஒருவராக்கினார். 1988-இல் அப்பதவி நீங்கியது, பின்னர் ஆலோசகராயிருந்தார். 1991-இல் அவர் தொண்டு செய்த சோவியத் நாடே இல்லாதொழிந்தது.

அதற்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றைக் கூறவேண்டும். ராபர்ட் கென்னடி 1968-இற் கொலையுண்டபின், 1962-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் பற்றி அவர் எழுதிவைத்த நூல் 1969-இல் வெளிவந்தது. துருக்கி ஏவுகணைகளைப் பற்றிய உடன்பாடு அதில் வெளிப்படக் கூறப்படவில்லை. உண்மை 1980-க்குப் பின்னரே சிறிது சிறிதாகக் கசியத் தொடங்கிற்று. 1989 ஜனவரியில், பழைய பகைவர்களாகிய அமெரிக்கரும் ருஷியரும் கியூபரும் மாஸ்கோவில் ஒருங்கு கூடி அந்நாட்களைப் பற்றி ஆராய்ந்தனர். அவ்வவையில் தோப்ரினின் எழுந்து, அந்தச் சனிக்கிழமை இரவு தாம் கேட்டது இன்னது, அந்நூலில் இல்லாதது இன்னது என்றார். கென்னடியின் பழைய உதவியாளராகிய ஸோரென்சன் உடனே ஒப்புக்கொண்டார். ராபர்ட் கென்னடியின் குறிப்பிலே அவ்வுடன்பாடு தெளிவாகவே இருந்ததென்றும், நூலை அச்சிற்குச் செப்பஞ் செய்தபோது தாமே அதனை மாற்றியதாகவும் கூறினார்.

தோப்ரினின் தம் வரலாற்றை 1995-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 2007-இல் அமெரிக்க அரசும் ருஷிய அரசும் ஒருங்கு சேர்ந்து ஒரு பெருந்தொகுதியைப் பதிப்பித்தன. கிஸ்ஸிங்கரும் அவரும் 1969 முதல் 1972 வரை தனியறையிற் பேசியவற்றை, ஒவ்வொருவரும் அன்றே தத்தம் தலைவர்க்கு எழுதியவாறு அதிற் காணலாம். ஒரே உரையாடலுக்கு இரு பக்கத்துக் குறிப்பும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதுமையுற்ற இருவரும் அதற்கு முன்னுரை எழுதினர். 2010 ஏப்ரல் 6-ஆம் நாள் தோப்ரினின் மாஸ்கோவிற் காலமானார். அப்போது அவர்க்கு அகவை தொண்ணூறு.